பீட்டா மெர்கேப்டோ பாட்டில தொறக்குறதுக்கு முன்னாடி

ஒவ்வொரு வருஷமும் லேபுக்கு புது ஜூனியர்ஸ் வர்றாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு இதே விஷயத்த சொல்லி சொல்லி எனக்கு வாய் வலிக்குது, அதனால ஒரு தடவ உக்காந்து முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு. விஷயம் என்னன்னா 2-மெர்கேப்டோஎத்தனால், லேப் பாஷைல பீட்டா மெர்கேப்டோ, இன்னும் சுருக்கமா பிஎம்இ. சீடாப்ங்கற சோப்பு மாதிரி கெமிக்கல் போட்டு எலைல இருந்து டிஎன்ஏ எடுக்குறவங்க, ஆர்என்ஏ எடுக்குறவங்க, புரோட்டீன்கள ஜெல்ல அளவு வாரியா பிரிக்க எஸ்டிஎஸ் பேஜ் ஓட்டுறவங்க யாரும் இதத் தொடாம பிஎச்டி முடிக்க முடியாது. தொடாமன்னு சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன், நெஜமாவே தொட்டுடாதீங்க, அதத்தான் கீழ முழுக்க சொல்லப்போறேன்.

இது ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட். அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. ஆன்டிஆக்ஸிடன்ட்னு காதுல விழுந்ததும் நம்மாளுங்களுக்கு நெல்லிக்காய், கிரீன் டீ, மாதுளைன்னு ஏதோ உடம்புக்கு நல்லது பண்ற சமாச்சாரம் மாதிரி தோணிடுது, போன வருஷம் ஒரு பையன் "அண்ணா ஆன்டிஆக்ஸிடன்ட் தானே, சேஃப் தானே"ன்னே கேட்டான். அந்தப் பேரு அது செய்ற வேலையத்தான் சொல்லுது, குணத்த இல்ல. வீட்டுல வாழைப்பூ ஆஞ்சு உடனே மோர்த்தண்ணில போடுவாங்கல்ல, கறுத்துப் போகக் கூடாதுன்னு, அந்தக் கறுப்பு எப்படி வருதுன்னா பூவுல இருக்க பாலிஃபீனால்ஸ காத்துல இருக்க ஆக்ஸிஜனும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ்ங்கற என்சைமும் சேர்ந்து குயினோனா மாத்திடுது. மாங்கா எலையோ வாழை எலையோ லிக்விட் நைட்ரஜன்ல அரைச்சு பஃபர்ல, அதாவது பிஹெச் மாறாம பாத்துக்கிற கரைசல்ல, போட்டா அதே கூத்துதான் நடக்கும், அந்த குயினோன் போய் டிஎன்ஏல ஒட்டிக்கும், ட்யூப் அடில தங்குற டிஎன்ஏ, அதாவது பெல்லெட், பழுப்பா வரும், டிஎன்ஏவ நகல் எடுக்குற பிசிஆர் ஓடாது. பிஎம்இ போட்டா அந்த ஆக்ஸிடேஷன் நடக்காமப் பாத்துக்கும். வாழைப்பூவுக்கு மோரு, மாங்கா எலைக்கு பிஎம்இ. ஆனா மோரக் குடிக்கலாம், இதக் குடிச்சா ஆஸ்பத்திரிதான்.

ரெண்டாவது வேலை, புரோட்டீன்ல ரெண்டு சல்ஃபர் கை கோத்து நிக்கிற டைசல்ஃபைட் பாண்ட ஒடைக்கிறது. 1972ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்குனவங்கள்ல ஒருத்தர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன், அவரோட ஃபேமஸான வேலையே ரிபோநியூக்ளியேஸ, அதாவது ஆர்என்ஏவ வெட்டுற ஆர்என்ஏஸ்ங்கற என்சைம, 8 மோலார் செறிவுல இருக்க யூரியாலயும் இந்த பிஎம்இலயும் போட்டு அதோட நாலு டைசல்ஃபைட் பாண்டையும் பிரிச்சு விட்டதுதான், அப்புறம் ரெண்டையும் எடுத்துட்டா என்சைம் தானா பழைய மாதிரி மடங்கி திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. இத ஏன் சொல்றேன்னா ஆர்என்ஏ எடுக்கும்போது பிஎம்இ போட்டாச்சு ஆர்என்ஏஸ் செத்துப்போச்சுன்னு நெனச்சிட்டு கடைசி ஸ்டெப்ல வெறுங்கையோட ட்யூப் தொறக்குறவங்க இருக்காங்க, அது சாகல, மயங்கித்தான் கெடக்கு.

இப்போ நம்ம உடம்பே புரோட்டீன்தானே. பார்லர்ல முடி ஸ்ட்ரெயிட்டனிங் பண்றப்போ ஒரு அழுகுன நாத்தம் வரும் பாருங்க, அதுல போடுற சில மருந்துகள்ல தயோகிளைகோலேட்னு இதே மாதிரி ஒரு தயால், அதாவது சல்ஃபரும் ஹைட்ரஜனும் சேந்த முனை இருக்க கெமிக்கல்தான் இருக்கும், முடில இருக்க கெரட்டின் பாண்ட ஒடைச்சு நேராக்குது. அந்த வேலைய பாட்டில்ல இருக்க முழு ஸ்ட்ரெங்த் பிஎம்இ உங்க கண்ணுல செஞ்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

நாத்தம் வேற, ஆபத்து வேற

எல்லாருக்கும் பிஎம்இன்னா நாத்தம்தான் ஞாபகம். அழுகுன முட்டை, அழுகுன வெங்காயம், சாக்கடை, ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நம்ம வீட்டு சிலிண்டர் லீக் ஆனா வர்ற வாசன இருக்குல்ல, அது எரிவாயுவோட வாசன இல்ல, லீக் தெரியட்டும்னு வேணும்னே கலக்குற எத்தில் மெர்கேப்டன், இதோட சொந்தக்காரன். அதனாலதான் எங்க பழைய பில்டிங்ல நான் முதல் வருஷம் பண்ண வேலைக்கு பக்கத்து டிபார்ட்மென்ட்ல இருந்து கேஸ் லீக்னு ஓடி வந்தாங்க. பண்ணது பெருசா ஒண்ணும் இல்ல, பிஎம்இ எடுத்த ஒரே ஒரு பைபெட் டிப்ப சாதா குப்பைத்தொட்டில போட்டுட்டு சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். ரூம் ராத்திரி முழுக்க பூட்டி இருந்துச்சு. காலைல மொதல்ல கதவ தொறந்தது கூட்டுற அக்கா, அவங்களுக்கு தலைவலி, குமட்டல், அன்னைக்கு பூரா வெளிய மரத்தடிலயே உக்காந்திருந்தாங்க. எனக்கு திட்டு விழுந்தது பெருசில்ல, நான் பண்ண தப்புக்கு அவங்க மூச்சு முட்டுனாங்கங்கறதுதான் இன்னைக்கும் உறுத்துது, அவங்களுக்கு அது என்ன கெமிக்கல்னுகூட யாரும் சொல்லல.

ஆனா நாத்தத்த வச்சு ஆபத்த அளக்காதீங்க, ரெண்டு பக்கமும் தப்பாப் போகும். ஒரு பக்கம், லேசா மூக்குல பட்டதுக்கே செத்துடுவோம்னு அலறுறவங்க. அப்படி இல்ல, நம்ம மூக்கு இதுக்கு ரொம்ப ஷார்ப், கொஞ்சூண்டு இருந்தாலே புடிச்சிடும். அமெரிக்காவுல வேலை எடத்துக்குன்னு சிபாரிசு பண்ணியிருக்க லிமிட் எட்டு மணி நேர சராசரியா 0.2 பிபிஎம், அதாவது காத்துல பத்து லட்சத்துல 0.2 பங்கு. இன்னொரு பக்கம், அரைமணி நேரம் அதே ரூம்ல இருந்தா மூக்கு பழகிடும், "இப்போ நாத்தமே இல்லயே"ன்னு சந்தோஷமா உக்காந்திருப்பீங்க, ரூம்ல அது அப்படியேதான் இருக்கும், வெளிய இருந்து வர்றவன் மூக்கப் பொத்துவான். நாத்தம் ஒரு அலாரம், அவ்ளோதான். அலாரம் அடிச்சா எங்கயோ மூடி சரியா மூடல, ஆவிய வெளிய இழுக்குற ஹூடு ஓடல, டிப்பு வெளிய கெடக்குன்னு அர்த்தம், அதத் தேடுங்க.

உண்மையா பயப்பட வேண்டியது தோலுக்கும் கண்ணுக்கும். பாட்டில் மேல மண்டை ஓடு போட்டிருக்கும், சேஃப்டி டேட்டா ஷீட்ட எடுத்துப் படிச்சா ஹெச் 310னு ஒரு கோடு இருக்கும், அதுக்கு அர்த்தம் தோல்ல பட்டா உயிருக்கே ஆபத்துன்னு. முழுங்குனா விஷம், சுவாசிச்சா விஷம், அந்த ரெண்டுக்குமே "விஷம்"னுதான் போட்டிருக்கு, தோலுக்குத்தான் அதுக்கும் மேல ஒரு படி. இத நான் படிச்சதே மூணாவது வருஷம், அதுவரைக்கும் மூக்க மட்டும் பொத்திக்கிட்டு கைய நீட்டிட்டு இருந்தேன். முயல் தோல்ல தடவிப் பாத்த கணக்குல எல்டி 50, அதாவது பாதி முயல் சாகுற அளவு, ஒரு கிலோ எடைக்கு 150 மில்லிகிராம் பக்கம், அதாவது ரெண்டு கிலோ முயலுக்கு கால் மில்லி சொச்சம். மனுஷனுக்கு இதே கணக்க நேரா போட முடியாது, ஆனா கால் மில்லிங்கறது நீங்க 200 மைக்ரோலிட்டர் பைபெட்ல ஒரு தடவ எடுக்குறத விட கொஞ்சம்தான் அதிகம்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இது போக கண்ணுல பட்டா நிரந்தர பாதிப்பு வரலாம், தோல்ல திரும்பத் திரும்ப பட்டா அலர்ஜி வந்து ஒட்டிக்கும், ஒரு தடவ அலர்ஜி வந்துட்டா அப்புறம் துளியூண்டுக்கே கை சிவந்து அரிக்கும். ரொம்ப நாள் தொடர்ந்து உள்ள போனா கல்லீரல், இதயம் ரெண்டுக்கும் கெடுதல்னு ஷீட்லயே இருக்கும். வயித்துல இருக்க குழந்தைக்கும் பாதிப்பு இருக்கலாம்னு சந்தேகப் பட்டியல்லயும் சில ஷீட்ல போட்டிருப்பாங்க, அதனால கர்ப்பமா இருக்கவங்க, இருக்கலாம்னு நெனைக்கிறவங்க, கூச்சப்படாம சொல்லிட்டு இந்த ஒரு ஸ்டெப்ப மட்டும் வேற ஆளப் பண்ணச் சொல்லுங்க, காரணம் கேக்குற லேப் நல்ல லேப் இல்ல.

லேமினார் வேற, ஃபியூம் ஹூடு வேற

இத தனியா எழுதுறேன், ஏன்னா நம்ம காலேஜ் லேப்கள்ல நான் பாத்த பெரிய தப்பு இதான். கண்ணாடி போட்ட, காத்து வர்ற, உள்ள லைட் எரியுற எந்தப் பெட்டியப் பாத்தாலும் "ஹூடு"ன்னு சொல்லிடுறாங்க. டிஷ்யூ கல்ச்சருக்கு வச்சிருக்க லேமினார்ல காத்து ஃபில்டர் வழியா வந்து நேரா உங்க மூஞ்சி மேல அடிக்கும், அதோட வேலை செடியக் காப்பாத்துறது, உங்களக் காப்பாத்துறது இல்ல. அதுல பிஎம்இ தொறந்தா விசிறி வச்சு உங்க மூக்குக்குள்ள ஊதி விட்ட மாதிரிதான். சரி பயோசேஃப்டி கேபினெட்ல பண்ணலாமான்னா அதுலயும் வேணாம், ஹெப்பா ஃபில்டர் தூசியையும் கிருமியையும் புடிக்கும், ஆவிய விட்டுடும், அதுவும் நம்ம ஊர்ல இருக்க முக்காவாசி கேபினெட் காத்த திரும்ப ரூமுக்குள்ளயேதான் விடுது. பிஎம்இக்கு வேண்டியது காத்த உள்ள இழுத்து குழாய் வழியா மொட்டை மாடிக்கு வெளிய தள்ளுற ஃபியூம் ஹூடு மட்டும்தான்.

அந்த ஃபியூம் ஹூடும் உண்மையா இழுக்குதான்னு பாருங்க. ஸ்விட்ச் போட்டா சத்தம் வரும், சத்தம் வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல. ஒரு டிஷ்யூ பேப்பர நீளமா கிழிச்சு கண்ணாடிக் கதவோட கீழ் ஓரத்துல புடிங்க, உள் பக்கமா நல்லா சாஞ்சு நிக்கணும், சும்மா தொங்குனாலோ உங்க பக்கம் வந்தாலோ அன்னைக்கு வேலை வேணாம். அளக்க மீட்டர் இருந்தா நிமிஷத்துக்கு 100 அடி வேகம் பக்கம் இருக்கணும்னு சொல்வாங்க. கதவ முழுசா மேல தூக்கிட்டு தலைய உள்ள விட்டு பாக்குறவங்களும் இருக்காங்க, கதவு கழுத்துக்குக் கீழதான் இருக்கணும், கை மட்டும் உள்ள, வேலை ஹூடோட விளிம்புல இருந்து ஒரு சாண் உள்ள தள்ளி. சீலிங் ஃபேன ஆஃப் பண்ணிடுங்க, ஹூடு முன்னாடி ஃபேன் காத்து அடிச்சா இழுக்குறது குழம்பிடும். கரண்ட் போச்சுன்னா ஹூடும் போச்சு, ஜெனரேட்டர் வரும்னு காத்திருக்காதீங்க, மூடிய இறுக்கி மூடிட்டு கதவ எறக்கிட்டு வெளிய வாங்க.

ஹூடே இல்லாத லேபா? அப்போ மொட்ட மாடில போய் பண்றேன், ஜன்னல் ஓரத்துல பண்றேன்னு ஐடியா பண்ணாதீங்க, கடைசில சொல்லிருக்க மாத்து கெமிக்கல்கள படிங்க. மாஸ்க் போட்டா போதுமேன்னு கொரோனாவுக்கு அப்புறம் எல்லாரும் கேக்குறாங்க, சர்ஜிக்கல் மாஸ்கும் சரி என்95ம் சரி ஆவிக்கு சல்லடை மாதிரி, ஒண்ணத்தையும் தடுக்காது.

எடுக்குற முறை

மொதல்ல உடுப்பு. செருப்பு போட்டுட்டு வராதீங்க, இத எத்தன தடவ சொன்னாலும் சென்னை வெயில்ல ஷூ போட முடியாதுண்ணான்னு ஒரு பதில் வரும், அப்போ ஒரு ஜோடி ஷூ லேப்லயே வச்சுக்கோங்க. துப்பட்டாவ கோட்டுக்குள்ள விட்டு முடிங்க, முடியக் கட்டுங்க, மோதிரம் வாட்ச் கழட்டி வைங்க, ஏன்னா கிளவுஸ் வழியா ஒரு துளி உள்ள போனா மோதிரத்துக்கு அடில தேங்கி நிக்கும், கழுவுனாலும் போகாது, போதாக்குறைக்கு தயாலுக்கு உலோகம்னா உயிரு, மெர்கேப்டன்ங்கற பேரே லத்தீன்ல "பாதரசத்தப் புடிக்கிறது"ங்கற அர்த்தத்துல வச்சதுதான். ஃபுல் கை கோட், கண்ணுக்கு கூகிள்ஸ், வெறும் பவர் கண்ணாடி பத்தாது, சைடு தெறந்திருக்கும்.

கிளவுஸ்ல லேடெக்ஸ் வேணாம், நைட்ரைல். அதுவும் மெலிசா டப்பால வர்ற நைட்ரைல் கிளவுஸ் தெறிச்சா தாங்குறதுக்குத்தான், அதுல பட்டதும் பட்டபடியே வேலைய முடிச்சிட்டு கழட்டிக்கலாம்னு நெனச்சா அது மெதுவா ஊடுருவி உள்ள வந்துடும், வெளிய பாத்தா கிளவுஸ்ல ஓட்டையே இருக்காது. அதனால ரெண்டு ஜோடி போடுங்க, மேல் கிளவுஸ்ல ஒரு துளி பட்டாலும் அந்த நொடியே ஹூடுக்குள்ளயே கழட்டிப் போட்டு கைய கழுவி புதுசு போடுங்க. பெரிய பாட்டில்ல இருந்து சின்ன பாட்டிலுக்கு ஊத்துற வேலைன்னா ப்யூட்டைல் ரப்பர் கிளவுஸ்தான் சரி. இன்னொண்ணு, கிளவுஸ் போட்ட கையோட ஃபோன எடுக்குறது, கதவு கைப்பிடி தொடுறது, இத மட்டும் விட்டா பாதி விபத்து கொறையும்.

பாட்டில தொறக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஹூடுக்குள்ள எடுத்து வச்சிடணும். பைபெட், ஃபில்டர் டிப், பஃபர் ட்யூப், டிஷ்யூ, ஒரு ஜிப் லாக் கவர், வேஸ்ட் பாட்டில். தொறந்து வச்சிட்டு டிப்பு பாக்ஸ் தேடி ஓடுறவங்களுக்குத்தான் கை இடிச்சு பாட்டில் சாயும். பாட்டில ஒரு பீக்கருக்குள்ள நிக்க வச்சா இன்னும் நல்லது, சாஞ்சாலும் பீக்கருக்குள்ளயே நிக்கும். ஃபில்டர் டிப் எதுக்குன்னா ஆவி பைபெட் குழாய்க்குள்ள ஏறி உக்காந்துக்கும், அப்புறம் ஒரு வாரத்துக்கு அந்த பைபெட் யாரு எடுத்தாலும் நாறும், லேப்ல சண்ட வரும். இது தண்ணிய விட கொஞ்சம் அடர்த்தி, ஒரு மில்லிக்கு 1.114 கிராம், அதனால மெதுவா இழுங்க, டிப்ப பாட்டில் வாய்க்குள்ளயே ஒரு நொடி நிறுத்தி ஓரத்துல தொட்டு எடுங்க, நுனில தொங்குற துளிதான் நம்ம எதிரி. பஃபருக்குள்ள டிப்ப முக்கி விட்டுட்டு ரெண்டு தடவ பஃபராலயே டிப்ப அலசிடுங்க. டிப்ப நேரா ஜிப் லாக் கவருக்குள்ள எஜெக்ட் பண்ணுங்க, கவர மூடுங்க. பாட்டில் மூடிய டிப்புக்கு அடுத்து இல்ல, டிப்ப பஃபர்ல விடுறதுக்கு முன்னாடியே மூடிப் பழகுங்க, ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை சும்மாதானே இருக்கு.

அதவிட ஈஸியான வழி, வாங்குன அன்னைக்கே ஒரு ஆள் உக்காந்து ஒவ்வொரு மில்லியா ஸ்க்ரூ கேப் ட்யூப்ல பிரிச்சு வச்சிடறது. பெரிய பாட்டில மாசத்துக்கு ஒரு தடவ தொறந்தாப் போதும், தெனமும் கையாளுறது ஒரு மில்லிதான், சாஞ்சாலும் ஒரு மில்லிதான் சாயும். அரை லிட்டர் பாட்டில் விலை கொறச்சல்னு வாங்கி வைக்காதீங்க, வருஷக் கணக்குல தீராது, 100 மில்லியே பல லேபுக்கு ஒரு வருஷம் வரும்.

அளவு பாத்துக்கோங்க, நெறைய பேரு நாத்தம் அதிகமா இருந்தா பவர் அதிகம்னு கூட ஊத்துறாங்க. பாட்டில்ல இருக்கது சுமார் 14.3 மோலார். புரோட்டீன் ஜெல்லுக்குப் போடுற லேம்லி சாம்பிள் பஃபர்ல 5 சதவீதம்னா 950 மைக்ரோலிட்டர் பஃபருக்கு 50 மைக்ரோலிட்டர், அதுவே 0.7 மோலார் ஆயிடுது. சீடாப் 10 மில்லிக்கு 0.2 சதவீதம்னா வெறும் 20 மைக்ரோலிட்டர், பாலிஃபீனால் அதிகமான எலைக்கு சிலர் 2 சதவீதம் வரைக்கும் போவாங்க, அது 200. செல் கல்ச்சர் பண்றவங்களுக்கு மீடியத்துல 50 மைக்ரோமோலார் வேணும், 500 மில்லி மீடியத்துக்கு கணக்குப் போட்டா ரெண்டு மைக்ரோலிட்டர்கூட வராது, அத நேரா எடுத்தா தப்பும் வரும், ஆவியும் வரும், அதனால ஹூடுல 35 மைக்ரோலிட்டர 10 மில்லி தண்ணில கலந்து 50 மில்லிமோலார் ஸ்டாக் பண்ணி ஃபில்டர் பண்ணிட்டு அதுல இருந்து 500 மைக்ரோலிட்டர் மீடியத்துல விடுங்க. ஒரு தடவ இவ்ளோ நீர்த்துட்டா அப்புறம் பெரிய பயம் இல்ல.

முன்கூட்டியே கலந்து வைக்கிற பழக்கத்த விடுங்க. இது ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது மத்ததுக்கு பதிலா தானே ஆக்ஸிடைஸ் ஆகுற பொருள், காத்து பட்டா ரெண்டு மாலிக்யூல் ஜோடி சேந்து டைசல்ஃபைடா மாறிடும், அப்புறம் எதுக்கும் உதவாது. பிஹெச் ஏற ஏற சீக்கிரம் போகும், 20 டிகிரில பிஹெச் 6.5ல நூறு மணி நேரத்துக்கு மேல தாங்குறது 8.5ல நாலு மணி நேரத்துல பாதியாயிடும். சீடாப் பஃபர் பிஹெச் 8, நேத்து காலைல கலந்தது இன்னைக்கு சாயங்காலம் நாறும், ஆனா வேலை செய்யாது, அப்புறம் பெல்லெட் பழுப்பா இருக்குன்னு எலையத் திட்டுவீங்க. பஃபர ஆட்டோகிளேவ் பண்ணி, ஆற வச்சு, எடுக்கப் போறதுக்கு முன்னாடி மட்டும் சேருங்க. பிஎம்இ போட்ட பஃபர ஆட்டோகிளேவ்ல வச்ச புண்ணியவான் ஒருத்தர் எங்க பில்டிங்ல இருந்தார், ரெண்டு மாடி அன்னைக்கு லீவு.

சூடு பண்ணும்போது

சீடாப்ப 60, 65 டிகிரி வாட்டர் பாத்ல வைப்போம், புரோட்டீன் சாம்பிள 95 டிகிரில அஞ்சு நிமிஷம் வைப்போம். 95ல சாதா ட்யூப் மூடி பட்டுனு தெறிக்கும், உள்ள இருக்கது மூஞ்சிக்கு வரும். என் கூட இருந்த பொண்ணுக்கு நெத்தில தெறிச்சது, கூகிள்ஸ் போட்டிருந்ததால கண்ணு தப்புச்சு, அதுக்கப்புறம் நான் மூடிக்கு லாக் கிளிப் இல்லாம ட்யூப் வைக்க விடுறதில்ல. கிளிப் இல்லன்னா ஸ்க்ரூ கேப் ட்யூப். ஹீட் பிளாக்க ஹூடுக்குள்ள வைங்க. எடுத்த ஒடனே தொறக்காதீங்க, ஆற விட்டு, ஒரு தடவ ஸ்பின் பண்ணி மூடில ஒட்டியிருக்கறத கீழ எறக்கிட்டு அப்புறம் தொறங்க. ஜெல்ல லோட் பண்ணும்போது நாத்தம் வரத்தான் செய்யும், அந்த அளவு பரவால்ல, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோங்க. பிஎம்இ பக்கத்துல ஸ்பிரிட் லேம்ப், பர்னர் எதுவும் வேணாம், தீப்பிடிக்கிற வெப்பநிலை 70 டிகிரி சொச்சம்தான், எரிஞ்சா சல்ஃபர் டைஆக்ஸைடு வரும்.

வேஸ்ட்டு

சிங்க்ல ஊத்தாதீங்க. தண்ணியோட நல்லா கலந்துடுதே, போயிடுமேன்னு தோணும், கலந்துதான் போகும், ஆனா எங்க போகும், மீனுக்கும் நீர்ல வாழுற மத்ததுக்கும் இது ரொம்ப விஷம், டேட்டா ஷீட்ல செத்த மீன் படமே போட்டிருக்கும். அது போக சிங்க் பைப் வழியா கீழ் மாடிக்கு நாத்தம் போய் கம்ப்ளெயின்ட் வரும். தனியா ஒரு வாய் அகலமான பாட்டில், "பிஎம்இ கலந்த வேஸ்ட்"னு தேதியோட எழுதி, ஹூடுக்குள்ள, மூடியோட. டிப்பு, ட்யூப், டிஷ்யூ, கிளவுஸ் எல்லாம் ஜிப் லாக் கவர், அதுக்கு மேல இன்னொரு கவர். நெறஞ்சதும் உங்க இன்ஸ்டிட்யூட்டோட ஹசார்டஸ் வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுங்க, 2016 ரூல்ஸ் படி அதுக்குன்னு அனுமதி வாங்குனவங்கதான் எடுக்கணும், கார்ப்பரேஷன் குப்பை வண்டிக்குப் போகக் கூடாது.

ப்ளீச்ச பத்தி. "ப்ளீச் ஊத்துனா நாத்தம் போயிடும்"னு ஒரு வைத்தியம் லேப் லேபா சுத்துது. ப்ளீச் இத ஆக்ஸிடைஸ் பண்ணும், அது உண்மைதான், ஆனா நீர்க்காத பிஎம்இ மேல ஆக்ஸிடைசர ஊத்துனா சூடு கிளம்பும், மூடுன பாட்டில்னா இன்னும் மோசம். ஆர்என்ஏ எடுக்க செல்ல ஒடைக்கிற லைசிஸ் பஃபர்ல குவானிடின் உப்பு வேற இருக்கும், அதுல ப்ளீச் பட்டா விஷ வாயுவே வரும். அதனால வேஸ்ட் பாட்டில்ல ப்ளீச், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, நைட்ரிக் ஆசிட் எதுவும் சேரக்கூடாது, சேர்க்கணும்னு யாராவது சீனியர் சொன்னாலும் சரி.

கொட்டிடுச்சா, பட்டுடுச்சா

ஹூடுக்குள்ள கொஞ்சம் கொட்டுனா பதறாதீங்க, ஹூடு ஓடட்டும், டிஷ்யூவோ வெர்மிகுலைட்டோ போட்டு உறிய விட்டு கவர்ல அள்ளி மூடி, எடத்த சோப்புத் தண்ணியால ரெண்டு மூணு தடவ தொடைங்க, அந்தத் துணியும் கவருக்குள்ளதான். ஹூடுக்கு வெளிய சில துளிக்கு மேல கொட்டுனா ஹீரோ ஆகாதீங்க, எல்லாரையும் வெளிய அனுப்பி, எக்ஸாஸ்ட் போட்டு, கதவ சாத்தி, கதவுல பேப்பர் ஒட்டி, சேஃப்டி பாக்குறவருக்கு ஃபோன் பண்ணுங்க. கார்பன் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கும் தடிமனான கிளவுஸும் இல்லாம திரும்ப உள்ள போய் தொடைக்காதீங்க, கூட்டுற அக்காவ கூப்பிட்டு தொடைக்கச் சொல்லவே சொல்லாதீங்க.

தோல்ல பட்டா அந்த நிமிஷமே கிளவுஸ், நனைஞ்ச துணி எல்லாத்தையும் கழட்டிட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம். பதினஞ்சுன்னா பதினஞ்சு, கடிகாரத்தப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல நாத்தம் போகலன்னு சோப்பு தேடி ஓடாதீங்க. பேன்ட்ல கொட்டிடுச்சுன்னா பேன்ட கழட்டணும், நாலு பேரு இருக்காங்களேன்னு வெக்கப்பட்டு நனைஞ்ச துணியோட ஹாஸ்டல் வரைக்கும் நடக்குறதுதான் உண்மையான ஆபத்து, அதுக்குத்தான் லேப்ல ஒரு பழைய லுங்கியோ நைட்டியோ வைங்கன்னு சொல்றேன். கண்ணுல பட்டா எமைய விரிச்சுப் புடிச்சு 15 நிமிஷம் தண்ணி, லென்ஸ் போட்டிருந்தா கழுவும்போதே எடுத்துடுங்க, அப்புறம் வலி இல்லன்னாலும் கண் டாக்டர். மூச்சு முட்டுனா வெளிக்காத்துக்கு கூட்டிட்டுப் போங்க. வாய்க்குள்ள போயிருந்தா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி குடுக்காதீங்க, 108 கூப்பிடுங்க. எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டேட்டா ஷீட்ட கைல எடுத்துட்டுப் போங்க, டியூட்டி டாக்டருக்கு மெர்கேப்டோஎத்தனால்னா என்னன்னு தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல. அந்த ஷீட்ட பிரின்ட் எடுத்து இன்னைக்கே கதவுக்குப் பின்னாடி மாட்டி வைங்க, ஆள் விழுந்ததுக்கு அப்புறம் பாஸ்வேர்டு போட்டு கம்ப்யூட்டர் தொறந்து தேட முடியாது.

வைக்கிற எடம், மாத்து

நல்லா மூடி, மூடி மேல பாராஃபிலிம் சுத்தி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வச்சு, காத்து போற கெமிக்கல் கப்போர்டுல. ஆக்ஸிடைசர் பக்கத்துல வேணாம். ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுன்னா கெமிக்கலுக்குன்னு இருக்க ஃப்ரிட்ஜ்லதான், என்சைம் வைக்கிற பெட்டில வச்சா தொறக்குறவங்கெல்லாம் திட்டுவாங்க, லேப் ஃப்ரிட்ஜ்ல தண்ணி பாட்டிலும் டிஃபன் பாக்ஸும் வைக்கிற லேபா இருந்தா மொதல்ல அதச் சரி பண்ணுங்க, பிஎம்இ அப்புறம்.

இதெல்லாம் முடியாது, ஹூடு இல்லங்கறவங்களுக்கு டிடிடி, அதாவது டைதயோதிரைட்டால் இருக்கு. 1964ல கிளேலண்ட் அறிமுகப்படுத்துனது, பவுடரா வரும், நாத்தம் ரொம்பக் கம்மி, ஒரே மாலிக்யூல்ல ரெண்டு தயால் இருக்கறதால கம்மியா போட்டாலே போதும், எஸ்டிஎஸ் பேஜுக்கு 50ல இருந்து 100 மில்லிமோலார் தாராளம். விஷம் இல்லன்னு சொல்லல, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்தான், எடை போடும்போது பவுடர் பறக்காம பாத்துக்கணும், அதுக்கும் கிளவுஸ் கூகிள்ஸ் உண்டு. டிசெப்னு இன்னொரு மாத்து கெமிக்கல், அது இன்னும் மேல, நாத்தமே இல்ல, காத்துலயும் சீக்கிரம் கெடாது, ஆனா விலைய பாத்தா கைடு முறைப்பாரு, அதோட வெறும் பவுடர தண்ணில கரைச்சா நல்லா ஆசிடா இருக்கும், பிஹெச் சரி பண்ணாம சாம்பிள்ல விட்டா புரோட்டீன் வீணாப் போயிடும். சீடாப்ல பிஎம்இக்கு பதிலா பாலிஃபீனால புடிச்சுக்கிற பிவிபியும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டும் போட்டு எடுக்குறவங்க இருக்காங்க, எல்லா எலைக்கும் ஒரே மாதிரி வராது, உங்க எலைல சின்னதா ஒரு ட்ரையல் போட்டுப் பாருங்க, மெட்டாபைசல்ஃபைட்ல ஆசிட் பட்டா சல்ஃபர் டைஆக்ஸைடு வரும், ஆஸ்துமா இருக்கவங்க அதுலயும் கவனம்.

அப்புறம் லேப் கோட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எல்லார் துணியோடயும் சேத்து வாஷிங் மெஷின்ல போடாதீங்க, பிஎம்இ பட்ட கோட்டுன்னா துவைக்கவே வேணாம், கவர்ல கட்டி அந்த வேஸ்டோடவே அனுப்பிடுங்க, புதுக் கோட்டு வாங்கிக்கலாம்.